உட்பக்கம்

முகத்துவாரத்து மேட்டில், துறைமுகப் பாரந்தூக்கிகள்
எட்டிப் பார்க்கும் கோயில் வளவில்
பதினொரு பெட்டிக் கல்லறைகள்.
ஏழாவதன் தெற்குப் பலகை சரிந்துவிட்டது.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கல் இந்த ஊர்க் கல்லில்லை.
கப்பலின் அடிப்பாரமாக வந்து
கறுவாவுக்கு இடம்விட்டு இறங்கியது.
மூலைக்கு மூலை சிறகு முளைத்த குழந்தைத் தலை,
நடுவில் மணற்கடிகை,
கீழே எனக்குப் பெயர் தெரியாத ஒரு இலைக்கொடி.
உப்புக்காற்று மூன்று மூக்குகளைத் தின்றுவிட்டது.
நாலாவது பிள்ளைக்கு மூக்கு இருக்கிறது,
வாய் இல்லை.

எழுத்தில் மிஞ்சியது:
எட்மண்ட் ஹால்… வயது முப்பத்தொ… காய்ச்ச…
'இங்கே துயில்கிறார்' மட்டும் முழுசாக.
அதுதான் பொய்.
இந்த மாதிரிப் பெட்டிக்குள் ஆள் இருப்பதில்லை.
ஆள் ஆறடி கீழே, மண்ணுக்குள்.
மேலே நிற்பது வெறும் வீடு.

பலகையை நிமிர்த்துமுன் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
சாம்பல் பூனை ஒன்று, கண் திறக்காத மூன்று குட்டி,
ஒரு டெனிஸ் பந்து.
சுவரெல்லாம் உளித்தடம்.
கொத்தியவன் உட்பக்கத்தை மினுக்கவில்லை;
யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பான்.

முற்பணம் எண்ணித் தரும்போது பெர்டினான்ட்ஸ் ஐயா சொன்னார்,
இது கோயில் காசில்லை.
ஆடிக்கு ஆடி ஸ்காபரோவிலிருந்து வருகிறது,
ஏழாம் கல்லறைக்கு மட்டும்.
அனுப்புபவர் அ. வைரவநாதன்,
ஒரு காலத்தில் கப்பல் கொம்பனிக் கிளாக்கர்.
இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று
ஒருதரம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.
பதில் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிக் கிடந்தது:
'எண்பத்துமூன்றில் மூன்று இரவு குடியிருந்தேன்.
வாடகை பாக்கி.'

"அப்ப எங்கட டடிதான் இங்க பொறுப்பு," என்றார் ஐயா.
"அந்தக் கல்லறைக்குப் பூச்சாடி வச்சார். தண்ணி நிறைய.
பூ வைக்கேல்ல."

திரும்பிப் போய், யாரும் இல்லாத நேரம்
தோள்வரை உள்ளே நுழைந்து பார்த்தேன்.
பிறகு முழுசாக.
முழங்காலை மடித்தால் ஓராள் கொள்ளும்.
தும்மினால் வீதிக்குக் கேட்கும்.
கல்லின் பொருக்கு முதுகில் ஏறியது.
டயர் எரியும் மணம்
இந்த மேட்டுக்கும் வந்திருக்கும்.
பூனை என்னை முறைத்தது,
இடம் ஏற்கனவே எடுத்தாயிற்று என்பதுபோல.

இரண்டு நாள் வேலை.
பழைய முறைப்படி சுண்ணாம்பு நீற்றி, மணல் அரித்து,
மூன்று பக்கமும் சாந்து வைத்து இறுக்கினேன்.
தெற்குப் பலகையைச் சும்மா சாத்தினேன்.

"இது ஆடுதே," என்றார் பெர்டினான்ட்ஸ் ஐயா.
"பூனை போய் வரட்டும், ஐயா."

அவர் என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து, ஒரு கையால் தள்ளிப் பார்த்தார்.
திறந்தது.
சத்தம் வருகிறதா என்று
இன்னொருதரம் தள்ளினார்.
பிறகு பில்லில் கையெழுத்துப் போட்டார்.