தாள் எண் 2217

பழுப்பு உறையைப் பிரித்ததும்
முதலில் வருவது நாப்தலின் வாசனை,
பிறகுதான் புல்.
அக்காலத்தில் விஷம் தடவி ஒட்டினார்களாம்,
தொட்டால் கை கழுவச் சொல்லியிருக்கிறார்கள்.

பேராதனையில் மழை.
கட்டம் கட்டமாக நிரப்புகிறேன்.
சேகரித்தவர்: ஏ. டி. கோல்பர்ன்.
நாள்: 1911, பெப்ரவரி 9.
இடம்: பூனாகலைக்கு மேலே, வறண்ட பத்தனை.
உயரம்: 4,300 அடி.
மீற்றரில் கொடு என்கிறது கணினி.
கொடுத்தேன், 1,311.
மலை ஒன்றும் சொல்லவில்லை.

உடன் சென்றவர்:
வெற்று.

துரை தனியாகப் போயிருக்க மாட்டார்.
அழுத்தும் பலகை, தாள் கட்டு, குடை, சாப்பாட்டுப் பெட்டி,
நான்கு தோளாவது வேண்டும்.
தோளை இந்தக் கட்டம் ஏற்காது,
பெயர் கேட்கும்.

தாளின் அடியில், பென்சிலில்,
சாய்ந்த ஆங்கிலத்தில் ஒரு வரி:
கூலிகள் இதை ஊசிப்பில்லு என்கிறார்கள்.

பில்லு.
காலையில் தம்பி போனில் சொன்ன அதே பில்லு:
‘மாட்டுக்குப் பில்லு இல்ல, காசு அனுப்பு.’

யாரோ ஒருவரிடம் துரை கேட்டிருக்கிறார்.
வேட்டியிலோ சேலைக் கரையிலோ தைத்த விதைகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே
எரிச்சலில் சொன்ன பதிலாக இருக்கலாம்.
கேட்டபடியே எழுதிவிட்டார்.

சர்வானந்தன் சேர் தோளுக்கு மேலால் பார்த்தார்.
‘எழுத்துப்பிழை. துரைக்குத் தமிழ் தெரியேல்லை.
புல் எண்டு மாத்தும்.’

தமிழ் தெரியாதுதான் சேர்.
காது கேட்டிருக்கிறது.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மாற்றவும் இல்லை.

ஜன்னல் இடுக்கால் ஈரக்காற்று வந்தது.
தாளின் மூலையில் சிறு உறைக்குள்
உதிர்ந்து கிடந்த ஒரு விதை,
அதன் முறுக்கிய வால்
மெல்ல, மிக மெல்ல, அவிழத் தொடங்கியது.
நனைந்தால் அவிழும், காய்ந்தால் முறுகும்,
அப்படியே மண்ணைத் துளைக்கும்.
நூறு வருஷத்துக்கு மேல் செத்துக் கிடந்தும்
அதற்கு அந்த ஒரு வேலை மறக்கவில்லை.
காகிதத்தைப் பிறாண்டுகிற சத்தம்
எனக்குக் கேட்டதென்று சொன்னால்
நீங்கள் நம்ப வேண்டாம்.

வழக்குப் பெயர்: ஊசிப்பில்லு.
மொழி: தமிழ்.
சொன்னவருக்குக் கட்டம் இல்லை.
குறிப்புகளில் எழுதினேன்:
சொன்னவர் பெயர் கேட்கப்படவில்லை.

சேமி.

தாள் எண் 2218.
அதே நாள், அதே மலை, அதே புல்.
இதில் பென்சில் கோடு எதுவும் இல்லை.
புரட்டியும் பார்த்தேன்.