எழுத்தின் மேல் ஒரு பிறை

கதவில் இருவர் பெயரும் ஒரே அட்டையில்.
திங்கள், செவ்வாய் இங்மார் டீட்யென்.
புதன் முதல் நான்.
மேசை ஒன்றுதான்;
நாற்காலியின் உயரத்தை மட்டும்
வாரம் இருமுறை மாற்றிக்கொள்கிறோம்.
இழுப்பறையில் அவன் விட்டுப்போகும் ஆப்பிள் நடுத்தண்டுகளைப் பற்றி
நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் அரைப் பணிக்கு. வேலை முழுசு.
செப்டம்பர் முப்பது தாண்டினால்
இந்தப் பல்கலைக்கழகத்தில்
எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரிகூட இல்லை.
மார்புர்கின் மேல்நகரத்துக்கு மின்தூக்கி உண்டு.
நான் படியேறுகிறேன்,
யாராவது எங்கே வேலை என்று கேட்டால்
மூச்சு வாங்குவதைக் காரணம் காட்டலாம்.

என் ஆய்வு வால்புர்கா ஷ்டெர்ன்டால்.
பொமரேனியாவில் ஒரு போதகரின் விதவை.
நாற்பத்தொரு கவிதை, பதினேழு கடிதம்.
அவளைப் படித்தவர்கள் உலகத்தில் ஆறு பேர் இருக்கலாம்;
அதில் இருவர் என் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போட்டவர்கள்.

ஒன்பதாம் கடிதத்தில் ஒரு வரி:
'இந்தக் குளிர்காலமும் ஹவுஸ் இல்லாமல்.
இரவில் மூச்சு கேட்பதில்லை.'
ஹவுஸ் என்றால் வீடு.
கணவன் செத்த ஓராண்டில் போதகர் இல்லத்தைக் காலிசெய்யச் சொல்வார்கள்,
அந்தக் காலத்து வழக்கம்.
ஆகவே வீடின்மை.
ஆகவே மூன்றாம் இயல்.
சுவர்கள் மூச்சுவிடும் அந்தப் படிமத்துக்கு மட்டும் நான்கு பக்கம்.
நன்றாகவே எழுதியிருந்தேன்.
அச்சுக்கூலி ஆயிரத்தெண்ணூறு யூரோ,
தம்பி கொடுத்தான், இன்னும் கேட்கவில்லை.

போன பிப்ரவரியில் கிரைஃப்ஸ்வால்டில்
ஆவணக்காப்பாளர் குவாண்ட்
கேட்காத ஒரு கட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.
வீட்டுக் கணக்கு. அவள் கையெழுத்து.
மெழுகுவர்த்தி, உப்பு, ஹன்ஸுக்கு ஓட்ஸ்.
மார்ச், ஏப்ரல்: ஹன்ஸுக்கு ஓட்ஸ்.
ஜூலையில் லாடம்.
நவம்பர்: ஹன்ஸை விற்றது, பதினொரு தாலர்.

பழைய கையெழுத்தில்
ஹன்ஸுக்கும் ஹவுஸுக்கும் ஒரே உடம்பு.
நடுவெழுத்தின் மேல் ஒரு சிறு பிறை போட்டால் வீடு,
போடாவிட்டால் அவன்.
ஒன்பதாம் கடிதத்தை மறுபடி வாங்கி
உருப்பெருக்கியை வைத்தேன்.
பிறை இருந்தது.
மைபோலக் கருப்பாக இல்லை, பழுப்பாக.
பக்கத்தின் ஓரத்தில் அதேபோல் இன்னும் மூன்று.

ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த இடத்தில்
நான் முனைவராகியிருக்கிறேன்.

குவாண்டின் கழிவறையில் கொஞ்சம் சிரித்தேன்.
அது எவ்வளவு நேரம் சிரிப்பாக இருந்தது என்று தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்துக் கீலில் நேர்முகத் தேர்வு.
ஏழு பேருக்கு ஒரு பதவி.
பெயர்ப்பலகையில் என்னை டீட்லிண்டே என்று போட்டிருந்தார்கள்,
கடைசி எழுத்து எனக்குக் கிடையாது.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
வேறு உரையும் பையில் இருந்தது.
திரையில் அந்த ஈயைத்தான் போட்டேன்,
சுவரளவுக்கு.

தலைவர் வெளி நிதி எவ்வளவு கொண்டுவருவேன் என்று கேட்டார்.
இன்னொருவர் ஆங்கிலத்தில் பாடம் எடுப்பீர்களா என்றார்.
மாணவர் பிரதிநிதியாக ஒரு பெண், முழங்கையில் கட்டு,
அவள்தான் கேட்டாள்:
'குதிரையை யார் வாங்கினார்கள்?'

தெரியாது என்றேன்.
அதை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்,
சம்பளம் இல்லாத அரைநாட்களில்.

பட்டியலில் மூன்றாம் இடம் என்று கடிதம் வந்தது.
முதலிரண்டு பேரும் ஆரோக்கியமானவர்கள்.

திரும்பி வந்த ரயில் ஹனோவரில் நின்று நின்று
விளக்கணைந்து கிடந்தது.
எதிர் இருக்கையில் யாரோ ஒருவர்
வாயைத் திறந்தபடி தூங்கினார்.
பனியில் தொழுவம், காலியாக.
சன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருக்கிறாள்,
கேட்காததைக் கேட்க.
படிமம் ஒன்றும் இல்லை.
குதிரை மூச்சுவிடும்.

புதன்கிழமை.
நாற்காலியை இறக்குகிறேன்.