பின்சீட்டில் ஒரு தூக்கம்

மூன்றே முக்கால் லட்சம்.
அதற்கு மேல் சீட்டுப்பணம் நீளாது.

கூத்தாநல்லூர் ஷெட்டில் முதலில் காட்டியது வெள்ளை.
"ஒரே கை, டாக்டர் வண்டி" என்றார் நஜ்முதீன்.
உள்ளே நடவு வயல் வாசம்.
செங்கமலம் சீட் பெல்ட்டைப் பிடித்துக்
கடைசி முழம் வரை இழுத்தாள்.
அடியில் காய்ந்த வண்டல், கோடு கிழித்ததுபோல்.
வயலுக்கு வந்தால் கும்பிடுகிற மண்தான்.
"எந்த ஊர் வெள்ளம்ண்ணே இது?"
அவர் டீ சொல்லப் போனார்.

அடுத்தது கத்தரிப்பூ நிறம்.
யாரும் கேட்காத நிறமாம், எட்டு மாதமாய் நிற்கிறது.
பின்கதவில் ஒரு நெளிசல், ஏசி கொஞ்சம் முனகுகிறது.
நான் பானெட்டைத் திறந்து
தெரிந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பின்சீட்டில் ஏறினாள்.
இருபத்திரண்டு வருஷம்
தடுப்பூசிப் பெட்டியோடு வடவாற்றங்கரையில் மொபெட்.
எந்த மதகருகே எந்தப் பள்ளம் என்பது
அவள் முதுகுத்தண்டில் இருக்கிறது;
ஸ்கேனில் அதற்கு வேறு பெயர் போட்டிருந்தார்கள்.

"நல்ல ரோடு வேணாம்.
வாய்க்கால் ரோட்டுல விடுங்க."

விட்டேன்.
முதல் பள்ளம். இரண்டாவது.
நெல்மூட்டை லாரிகள் அரைத்துப்போட்ட கப்பி.
வழக்கமான 'அம்மா' வரவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
வாய் லேசாகத் திறந்திருக்க
தூங்கிவிட்டிருந்தாள்.

நஜ்முதீனும் திரும்பிப் பார்த்தார்.
பார்த்துவிட்டு, மெல்ல,
முன்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

இருபதாயிரம் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று
வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம்.
பேச வேண்டியவள் அவள்தான்.