இடப்பக்கச் சுவர்

சம்பள வியாழன். ஆக்லாந்தில்
மழை பக்கவாட்டில் பெய்யும் நேரம்.
தபால் பிரிக்கும் கூடத்திலிருந்து நால்வர்
டொமினியன் சாலையில் இறங்குகிறோம்,
எங்கே சாப்பிடுவது என்ற தீராத வழக்கோடு.

டவீட்டாவுக்குக் கணக்குதான் பசி.
பதினாறு டாலருக்கு இருபது டம்ப்ளிங் தரும் கடை இருக்க
பன்னிரண்டுக்கு அதே காசு கேட்பவன்
திருடன் அவனுக்கு.
மாவு தடித்திருந்தால் மன்னிப்பான்,
ஒன்று குறைந்தால் மாட்டான்.
ஒருமுறை பத்தொன்பது வந்தது.
சமையலறைக் கதவைத் தட்டி
அந்த ஒன்றை வாங்கிவந்தான், உள்ளங்கையில்,
ஆவி பறக்க.

ஹினிவாய்க்கு நூடுல்ஸ். அதுவும்
கண்ணெதிரே இழுத்ததாக இருக்க வேண்டும்.
மாவை மேசையில் அறையும் சத்தம்
வாசல்வரை வந்தால்தான் அவள் உள்ளே வருவாள்.
இடுப்புவார் அகலத்தில் பட்டை பட்டையாக,
மிளகாய் எண்ணெய் நெஞ்சில் தெறிக்க.
வெள்ளைச் சட்டை போட்டு வருவதும் அவளே,
கடைக்காரனைத் திட்டுவதும் அவளே.

ருய்லின் இனிப்பிலிருந்து பின்னோக்கி யோசிப்பவர்.
கறுப்பு எள் கூழ் எங்கே கனமாகக் கிடைக்கிறதோ
அங்கிருந்து நூறு அடிக்குள் எதையும் தின்னலாம் என்பார்.
"மாம்பழ ஜவ்வரிசி பிள்ளைகளுக்கு" என்பார்,
என் கிண்ணத்தில் கரண்டியை விட்டபடி.

நான்?
நான் சூழல் பார்ப்பவன்.
பதினொரு வருடமாக அதற்குக் கேலி.
"இவனுக்கு விளக்குக் கூண்டை
சோயாவில் தோய்த்துக் கொடுங்கள்."
கம்பளம் விரித்த தரை வேண்டும் எனக்கு.
தாழ்ந்த கூரை, துணி போட்ட மேசை, கனத்த திரை.
மீன்தொட்டி இருந்தால் இன்னும் நல்லது.
அப்படிப்பட்ட இடங்களில்
டம்ப்ளிங் சுமார், நூடுல்ஸ் குழைந்திருக்கும்,
இனிப்பென்று ஆரஞ்சைக் கீறி வைப்பார்கள்.
தெரியும். தெரிந்தே அடம்பிடித்தேன்.
சிவப்பு விளக்கின் அழகைப் பற்றி
வாய் கூசாமல் பேசினேன்.

பிரிப்பு எந்திரத்தின் பக்கத்தில்
இருபத்திரண்டு வருடம் நின்று
இடது காதை அதற்கே கொடுத்துவிட்டவன்.
ஓடு பதித்த தரையில், தட்டுகள் மோதும் இரைச்சலில்,
மூன்று பேர் சிரிப்பது
கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் இருக்கும்.
நானும் சிரிப்பேன், அரை நொடி பிந்தி,
எதற்கென்று தெரியாமல்.

இன்று தேர்வு ஹினிவாயின் முறை.
வாசலிலேயே வயிறு கலங்கியது.
தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு.
இரும்பு நாற்காலிகள். சுவர்த் தொலைக்காட்சியில்
யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்கள்.
படார், படார் என்று மாவு அறைபடுவது மட்டும்
காது வழியாக இல்லாமல் கால் வழியாக வந்தது.

"சூழலுக்குச் சுழி" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
கல்லாவில் இருந்த பையனிடம் போய்க் குனிந்தாள்,
தொலைக்காட்சி வாயை மூடிக்கொண்டது.
கடைசி மேசையின் மூலை நாற்காலியைக்
காலால் வெளியே இழுத்தாள்.
இடப்பக்கம் சுவர்.
"உட்கார். எண்ணெய் தெறிக்காத இடம்."

டவீட்டா எதிரே உட்கார்ந்து
மெனுவைக் கீழே வைத்தான். முகத்தை நேராக வைத்து
ஒவ்வொரு சொல்லாக இறக்கினான்.
"கத்தாதே, கேட்கிறது" என்றேன்.
"நான் கத்தவே இல்லையே" என்றான்.
ருய்லின் தேநீர் ஊற்றினார்,
கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
நூடுல்ஸ் வந்தது. அகலமாக இருந்தது. தெறித்தது,
என் சட்டையிலும்.

டம்ப்ளிங் தட்டை டவீட்டா இரண்டுமுறை எண்ணினான்.
இருபத்தொன்று.
கூடுதலாக வந்ததைத் திருப்பித் தருவதா
தின்றுவிடுவதா என்று மேசையே இரண்டுபட்டது.
அவன் சொன்னது கேட்டது. அவள் சொன்னது கேட்டது.
ருய்லின் சொன்னது மட்டும் நழுவிவிட்டது.

"என்ன?" என்றேன்.
பதினொரு வருடத்தில் முதல்முறையாக.

அவர் மறுபடி சொன்னார்.
எள் கூழைப் பற்றித்தான்.