மிச்சப் பெட்ரோல்

டோக்குமென் விமான நிலையத்தின் பின்புறம்,
சரக்குக் கொட்டகை.
தகரத்தில் மழை விழும் இரைச்சலில்
இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
விசில்தான்.

சாலை முடிவது இங்கே இல்லை.
கிழக்கே, யாவிசாவில்,
தார் நின்று ஆறு தொடங்கும் இடத்தில்.
அதற்கப்பால் நூறு கிலோமீட்டர் காடு.
அலாஸ்காவிலிருந்து உருண்டு வந்தவர்களும்
அந்த நூறு கிலோமீட்டருக்காக
என் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இன்று வந்தவள் போடில்.
டென்மார்க், ஐம்பத்தெட்டு வயது.
தலைக்கவசத்தைக் கழற்றியதும்
நனைந்த கோழிக்குஞ்சு போல நரைமுடி.
என் ஸ்பானிஷ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது.
மீதிக்குக் கைகள் இருந்தன.

கண்ணாடிகளைக் கழற்று.
பேட்டரிக் கம்பியைப் பிரி.
சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்கு.
டாங்க்கைக் காலி செய்.
சொல்லச் சொல்லச் செய்தாள்,
அறுவைக்கு முன்னால்
மோதிரம் கழற்றித் தருபவளைப் போல.

சோதனை நாய் கனேலா
இருக்கையை முகர்ந்து பார்த்தது.
எத்தனை ஊர்ப் புழுதியோ,
தும்மிவிட்டு நகர்ந்தது.

தராசு காட்டியது இருநூற்று முப்பத்தொன்று.
நான் சீட்டில் எழுதியது நானூற்றுப் பன்னிரண்டு.
இது எப்படி என்று விரலை வைத்தாள்.
நீளத்தை அகலத்தால், அதை உயரத்தால்
பெருக்கினால் இதுதான் வரும் அம்மணி.
கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவே
காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் வாடகை உண்டு.
சட்டமில்லை, வழக்கம்.
இல்லை, சட்டமும்தான்.
அவள் ஈர நோட்டுகளை எண்ணித் தந்தாள்,
நூற்றெண்பத்தொரு கிலோ ஒன்றுமில்லாததற்கும் சேர்த்து.

நீ பொகோத்தா போயிருக்கிறாயா?
எழுநூறு வண்டி அனுப்பியிருக்கிறேன்.
நீ?
இல்லை.
ஒன்றரை மணி நேரம்தானே.
வண்டிக்கு, என்றேன்.

ஃபோர்க்லிஃப்ட் வந்து தூக்கியது.
பட்டைகள் இறுகின. அது உள்ளே போயிற்று.
போன பிறகும்
அவள் விரல்கள் கைப்பிடியின் பருமனுக்கு
வளைந்தே இருந்தன.
நான் பார்த்ததைப் பார்த்து
சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அந்த வண்டி பறக்கும் தடத்துக்குக் கீழே
எதிர்த்திசையில் ஆட்கள் நடந்து வந்திருக்கிறார்கள்,
தோளில் குழந்தை, தலையில் பிளாஸ்டிக் தாள்.
என் தம்பி நிக்கானோர் சொல்லித்தான் தெரியும்.
அவர்களில் யாருக்கும்
நான் எடைச்சீட்டு எழுதியதில்லை.

ஐந்து மணிக்கு மழை விட்டது.
நீலக் கேனில் அவள் டாங்க்கின் மிச்சம்,
மூன்று லிட்டர்.
எடுத்துக்கொள் என்று சைகை காட்டியிருந்தாள்.
எல்லோரும் அப்படித்தான் காட்டுவார்கள்.
போன வாரம் ஒரு கொரியன்,
அதற்கு முன் கியூபெக்கிலிருந்து கணவனும் மனைவியும்.
என் பழைய நூற்றிருபத்தைந்து சிசி
அரை உலகத்தின் மிச்சத்தில் ஓடுகிறது
என்று மனைவியிடம் பெருமையடிப்பேன்.
எல்லாம் இதே ஊர் பங்க்கில் போட்டதுதானே என்பாள் இல்தா.
உண்மைதான்.
உண்மை என்பதற்காகப் பெருமையை விட முடியுமா?

நிக்கானோர் யாவிசாவில் இருக்கிறான்,
வாழைக்காய்ப் படகில் கூலிக்கு.
ஒரு படகு எஞ்சின் வாங்கக் கொடுத்த கடன்,
மூன்று வருடமாக ஃபோன் எடுப்பதில்லை.
அவனா, நானா என்று கேட்காதீர்கள்.

கேனைக் கவிழ்த்துவிட்டு
வழக்கம்போல் கணக்குப் போட்டேன்.
யாவிசா இருநூற்றெண்பது கிலோமீட்டர்.
மூன்று லிட்டருக்கு என் வண்டி
நூற்று முப்பது போகும், மேடு இல்லையென்றால்.
இன்னொரு டென்மார்க்காரி வர வேண்டும்.
இல்லை, ஒன்றேகால் டென்மார்க்காரி.

பக்கோரா திருப்பத்தில் வீட்டுப் பக்கம் வளைக்காமல்
கொஞ்ச தூரம் நேராகப் போனேன்.
மேலே ஒரு சரக்கு விமானம்
சக்கரத்தை மடித்துக்கொண்டு தெற்கே திரும்பியது.
அவளுடையதா தெரியாது.
அடுத்த பங்க் வந்தது.
நிறுத்தினேன்.
சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறதென்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.