மீதி

செவ்வாய்க்கிழமை எட்டு மணிப் பாதையில்
மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு
மூன்று பேர் ஏறுகிறோம்.
அப்பா முன்னுக்கு, யாரோடோ உர விலை பேசியபடி.
அம்மா பின்னுக்கு, கிளினிக் கொப்பியை நனையாமல் பிடித்தபடி.
நான் நடுவில்
தண்ணீரைப் பார்க்கிறமாதிரி.

களுவாஞ்சிகுடி ஆசுபத்திரியில்
அந்த அறைக்கு நான்கு கதிரை, மிஸ்ஸினதோடு சேர்த்து.
முதல் நாளே அம்மா
ஒன்று குறையுது என்று
வெளி விறாந்தையிலிருந்து இழுத்து வந்தா.
றிஸ்மியா மிஸ் அதை எடுக்கச் சொல்லவில்லை.

ஐந்து கிழமையாக
எங்களுக்குப் பேச வந்தது வேளாண்மை மட்டும்.
மழை பிந்தினது, கதிர் பால் பிடித்தது.
யானை என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.
அன்றிரவு காவலுக்குப் போயிருக்க வேண்டியது அப்பா.
அவருக்குக் காய்ச்சல்.
அண்ணன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.
அதையும் எடுக்கவில்லை.

ஆறாம் கிழமை மிஸ் கேட்டா:
"யதுர்சனுக்கெண்டு இப்பவும் என்ன செய்யிறீங்க,
மற்றாக்களுக்குத் தெரியாம?"

அம்மா சேலைத் தலைப்பிடம் சொன்னா:
"மாசாமாசம் அவன்ட போனுக்கு ரீலோட் போடுறன்.
இல்லாட்டி நம்பரை வேற ஆருக்கும் குடுத்துருவானுகள்."
அப்பா நிமிர்ந்தார்.
"நானும்" என்றார்.
"சந்திக் கடையில. நூறு நூறா."

போன் அம்மாவின் கைப்பைக்குள்ளேயே இருந்தது,
முழுச் சார்ஜோடு. மீதி பார்த்தோம்.
நாலாயிரத்து அறுநூற்றி இருபது ரூபாய்.
ஐந்து ரூபாய் தங்கினதில்லை அவனிடம்.
ஒரு ரிங் விட்டு வெட்டுவான்,
நாங்கள்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.
வந்ததை நிறுத்த ஏலவில்லை அவரால்.
அம்மாவும் சிரித்தா.
எந்த இடத்தில் அது மாறியதென்று
எனக்குத் தெரியாது.
மிஸ் பேனையை மூடி வைத்தா.

என் முறை. ஒன்றுமில்லை என்றேன்.
அம்மா போனை என் மடியில் வைத்தா.
தவறிய அழைப்பு: என் பெயர், இரவு பதினொன்று ஐம்பது.
முந்தின இரவும். அதற்கு முந்தினதும்.
எல்லாம் ஒற்றை ரிங்.
"அலுமாரி இடுக்கால வெளிச்சம் தெரியும், மகள்" என்றா,
"நான் முழிச்சுத்தான் கிடப்பன்."

திரும்பும் பாதையில்
மூன்று பேரும் ஒரே கரையில் நின்றோம்.
பாதைக்காரர் அதட்டினார்:
"ஒரு பக்கமா நிக்காதீங்க, சரியும்!"
அரை அடி நகர்ந்தோம்.
அவ்வளவுதான்.