எட்டாவது மான்

கோட்டை வாசலில் ஏழு மான்கள் படுத்திருந்தன.
"நிப்பாட்டு" என்றார் இராசநாயகம் சேர்.
டச்சுக்குடாவில் களவென்று தகவல் வந்து மூன்று மணித்தியாலம்,
பொலிஸ் ஜீப் போய் இரண்டு,
என் ஓட்டோ மட்டும் ஆலமர நிழலில்
எட்டாவது மானுக்குக் காத்திருந்தது.

வந்தது.
ஒரு சொப்பிங் பையைச் சப்பியபடி.
"இப்ப எடு."

ஓய்வுபெற்ற பின்னும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.
கூப்பிட்ட பின் வருந்துகிறார்கள்.
சீட்டைத் துடைக்க அவரிடம் நாலு துணி,
நாலையும் வைக்க ஒரு பை,
பையைத் துடைக்க –
சரி, விடுங்கள்.

மீனவர் சங்கக் கந்தோருக்கு மூன்று படி.
நாலாவதாக என் டூல்ஸ் பெட்டியை வைக்கச் சொன்னார்.
ஏறினார்.

உள்ளே பெட்டகம் வாய் பிளந்து கிடந்தது.
டீசல் காசு ஒரு சதம் மிச்சமில்லை.
யன்னல் உடைந்து, அலுமாரி கவிழ்ந்து,
தரையெல்லாம் கோப்புகள்.
"வெளியாள்தான்" என்றார் சார்ஜன் விஜேகோன்,
"கடற்கரைப் பக்கத்தால வந்திருக்கிறான்."

சேர் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
எதையும் தொடாமல்
சிதறிக் கிடந்ததை வாசித்தார்.
இரண்டாயிரத்துப் பதினொன்று.
பக்கத்தில் பன்னிரண்டு.
மேசைக்குக் கீழே பதின்மூன்று.
கதவோரம் வரை
ஒரு வருடம் பிசகாமல் சிதறியிருந்தது.

"குழப்பிப் போடப் பாத்திருக்கிறான்" என்றார்.
"பாவம். ஏலாமப் போச்சு."

கணக்கெழுதும் கமலரூபன் அப்போதுதான்
மேசை விளிம்போடு ஒரு பென்சிலை
நேராக்கிக்கொண்டிருந்தான்.
சேர் பென்சிலைப் பார்த்தார்.
அவன் சேரைப் பார்த்தான்.
சார்ஜன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு எங்க?"
"வீட்டில, சேர்."
"செலவழிச்சனீரோ?"
"எண்ணிக்கொண்டிருக்கிறன்."

வெள்ளிக்கிழமை இருப்பில் நாற்பது ரூபா இடித்திருக்கிறது.
சரிபார்க்கவென்று வீட்டுக்குக் கொண்டுபோனான்.
சனி எண்ணினான், ஞாயிறு எண்ணினான்,
ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு தொகை.
திங்கள் விடியும்போது திருப்பி வைக்கப் பயம்.
யன்னலை உடைத்தான்.
உடைத்த கண்ணாடியைக் கூட்டி மூலையில் ஒதுக்கினான்,
ஆருக்கும் காலில் குத்தக் கூடாதே.

சார்ஜன் சிரித்த சிரிப்பில்
வள்ளத்தில் இருந்த காகங்கள் எழும்பின.
சேர் மிகவும் மெதுவாகக் கேட்டார்:
"எத்தனை தரம் எண்ணினனீர்?"
"நூற்றுப் பத்தொன்பது."
"ஐயோ" என்றார், "இன்னும் ஒண்டுதானே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
அவரது அம்மாவின் முப்பத்தோராம் நாள்
கன்னியாவுக்கு நான்தான் கூட்டிப்போனேன்.
முப்பத்தொன்றும் ஒற்றை, கிணறு ஏழும் ஒற்றை.
ஏழிலும் அள்ளி வார்த்தவர்
எட்டாவதைத் தேடி
உடம்பில் ஆவி பறக்க இருட்டும் வரை நின்றார்.
கடைசியில் ஓட்டோவில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை
அவர் தலையில் நான் கவிழ்த்தேன்.
அன்றைக்குத்தான் அழுதார்.

ஜீப்பில் ஏற்றும்போது கமலரூபன் திரும்பினான்.
"கந்தோரைப் பூட்டினதோ?"
யன்னல் ஆள் நுழையுமளவுக்குத் திறந்து கிடந்தது.
சார்ஜன் அதைச் சொல்ல வாயெடுத்தார்.
சேர் அதற்குள் திரும்பிப்போய்,
படி மூன்று, பெட்டி நாலு,
பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து வந்து
ஜீப் கம்பிக்குள் முகம் வைத்துச் சொன்னார்:
"பூட்டித்தான் இருக்கு."
பொடியன் மூச்சு விட்டான்.

திரும்பும்போது மான்களை அவர் எண்ணவில்லை.
நான் எண்ணினேன்: ஐந்து.
சொல்லவில்லை.

வீட்டு வாசலில் இறங்கி
கேற்றைப் பூட்டினார், போனார், வந்தார்,
போனார், வந்தார்.
இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
"பூட்டித்தான் இருக்கு, சேர்" என்றேன்.

நின்றார்.
"நீ எத்தனை தரம் பாத்தனீ?"
"ஒருக்கா."

கொஞ்சம் யோசித்தார்.
"இறங்கி வா" என்றார்.